பொங்கல் பானையும் ஒரு பாதிரியாரும்

விடுதியின் கீழ்த்தளத்தில், சலவை இயந்திரங்கள் வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கூட்ட அறை இருந்தது. அங்கே நாங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பொங்கல் விழாவுக்கான கெர்தாஸ் கெர்ஜாவை ஐந்தாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தோம். அதற்கு முன் நான்கு முறை திரும்பி வந்துவிட்டது. முதல் முறை, திறந்தவெளியில் நெருப்பு மூட்டப் பாதுகாப்புப் பிரிவின் கடிதம் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை, நேரம் வெள்ளிக்கிழமைத் தொழுகையோடு மோதுகிறது என்றார்கள். அது நியாயம்தான், நாங்கள் கவனித்திருக்க வேண்டும். மூன்றாம் முறை, குத்துவிளக்கு எதற்கு என்று கேட்டார்கள். நான்காம் முறை சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி: இது சமய விழாவா, பண்பாட்டு விழாவா?

எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மை தெரிந்திருக்கும்.

அந்தக் கேள்விக்கான பதிலை எழுதியவள் எங்கள் குழுவில் இருந்த ஒரு தோழி. மலாய் மொழியில் அவளைப் போல் எழுத எங்களில் ஆள் இல்லை. 'இது சமயச் சடங்கு அன்று. சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கொண்டாடும் அறுவடை விழா' என்று மலாயில் அரைப் பக்கம் எழுதினாள். வாசித்துக் காட்டியபோது எல்லாரும் கை தட்டினோம். ஐந்தாவது முறை அனுமதி கிடைத்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் விழாத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“நல்லா செய்வாங்க, அதுல ஒன்னும் இல்ல. ஆனா அவங்க சர்ச்சுக்குப் போற புள்ளலா. பானைக்குப் பொட்டு வைக்கணும், சூடம் காட்டணும், ஸ்டேஜ்ல விளக்கு ஏத்தணும். நாளைக்குப் பேரண்ட்ஸ் எல்லாம் வந்து கேட்டா என்னா சொல்றது?”

அவள் அந்த அறையில்தான் இருந்தாள். எனக்கு நேர் எதிரில். ஒன்றும் சொல்லாமல் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் செயலாளர். கூட்டக் குறிப்பில், 'விழாத் தலைவராக வேறு பொருத்தமானவரைத் தேர்ந்தெடுக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சமய வேறுபாடின்றி என்று அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

*

இந்த முரண் எனக்கு அன்று உறைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான் அது முள்ளாய்க் குத்தியது. ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பல சமயங்களும் பண்பாடுகளும் சேர்ந்திருப்பது என்றால் என்ன என்பதற்கு நம்மிடமே ஒரு வரலாறு இருக்கிறது. அதை நம் மாணவர் சங்கங்களில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபர் 8-இல் சிங்கப்பூரில் பிறந்தது. ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து உருவாக்கினார்கள். அதற்கு முன் 1947-இல் கார்-சாண்டர்ஸ் தலைமையில் ஓர் ஆணையம் வந்து போயிருந்தது. மலாயாவின் எல்லா இனத்தவரும் ஓரிடத்தில் படித்தால் அவர்களுக்குள் ஒரு பொது உணர்வு வளரும் என்பது அந்தக் காலத்தின் பெரிய நம்பிக்கை. சுதந்திரம் வரப்போகிறது, நாட்டை நடத்த ஆள் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

பொது உணர்வு வளர்ந்தது உண்மைதான், ஆனால் ஆட்சியாளர்கள் எதிர்பார்த்த வழியில் இல்லை. 1953-இல் மாணவர்கள் சோசலிஸ்ட் மன்றத்தைத் தொடங்கினார்கள். அதன் ஏட்டின் பெயர் 'ஃபஜார்'. விடியல் என்று பொருள்படும் மலாய்ச் சொல், அரபியிலிருந்து வந்தது. 1954-இல் அதில் வந்த தலையங்கத்துக்காக எட்டு மாணவர்கள் மீது தேசநிந்தனை வழக்கு போடப்பட்டது. ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், அருட்சோதி, எட்வின் தம்பு, தாமஸ் வர்கீ ஆகியோரோடு பூ சூ காய், குவா பூ கான், லாம் குவான் கிட் ஆகியோரும் கூண்டில் நின்றார்கள். லண்டனிலிருந்து வந்த டி.என். பிரிட் வாதாடினார், அவருக்குத் துணை நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. எட்டுப் பேரும் விடுதலையானார்கள். தமிழர், மலையாளி, சீனர், கிறிஸ்துவர் என்று பிரித்துப் பார்த்தால் அந்தப் பட்டியலில் பலவகைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது வண்ண உடைகளோடு நடக்கும் பண்பாட்டு இரவு அல்ல, ஒரு பொதுக் கேள்வி.

வளாக வாழ்க்கையின் ஒரு பக்கம் இது. இன்னொரு பக்கம், பாடத்திட்டத்தில் யாருடைய மொழிக்கு இடம் என்பது.

*

மலாய் ஆய்வியல் துறை 1953-இல் தொடங்கியது. இந்தியர்களுக்கும் ஒரு துறை வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. ஆலோசனை சொல்ல வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அழைக்கப்பட்டார். துறையில் சமஸ்கிருதத்துக்கே முதன்மை தர வேண்டும் என்பது அவரது பரிந்துரை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர். பால்மரம் வெட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரயில் பாதை போட்டவர்கள். அவர்கள் மண்ணில் எழும் பல்கலைக்கழகத்தில் அவர்கள் மொழிக்கு இரண்டாம் இடம் என்றதும் கொதித்தார்கள்.

இந்தக் கதையை நம்மவர்கள் சொல்லும்போது நீலகண்ட சாஸ்திரி வில்லனாகிவிடுவார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் சோழர் வரலாற்றை எழுதியவர், ஸ்ரீவிஜயத்தின் வரலாற்றை எழுதியவர். இந்த வட்டாரத்தின் பழங்கல்வெட்டுகளை வாசிக்க சமஸ்கிருதம் வேண்டும் என்பது ஆய்வாளரின் நியாயம். மலாய் மொழிக்குள் பாருங்கள்: பல்கலைக்கழக மாணவனை 'மஹாசிஸ்வா' என்கிறோம், அதற்குள் சிஷ்யன் இருக்கிறான். நூலகத்தைக் குறிக்கும் 'பெர்புஸ்தகாஆன்' என்ற சொல்லில் புஸ்தகம் இருக்கிறது. சமயத்தைக் குறிக்கும் சொல்லே 'அகாமா'. சாஸ்திரி பார்த்தது இதை.

ஆனால் அதே மஹாசிஸ்வா பசித்தால் போகும் 'கெடாய்' நம் கடை. அந்தக் கடைக்காரன் போட்ட 'மோடால்' நம் முதல். அவன் தாத்தா வந்த 'காப்பால்' நம் கப்பல். கல்வெட்டில் நிற்பது ஒரு மொழி, சந்தையிலும் துறைமுகத்திலும் வியர்வையோடு கலந்தது இன்னொன்று. பல்கலைக்கழகம் இரண்டையும் படிக்கலாம். எது நடுவில், எது ஓரத்தில் என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் இருந்தார்களா என்பதுதான் அன்றைய சண்டையின் சாரம். என் தோழியைப் பற்றி முடிவெடுத்த அறையில் அவள் இருந்தாள், ஆனால் யாரும் அவளைக் கேட்கவில்லை. அதனால் இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சண்டையை முன்னெடுத்தவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தமிழ் நூல்களுக்கும் இடம் வேண்டும் என்பதற்காக உழைப்பாளிகள் தங்கள் சின்னச் சின்னத் தொகைகளைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராதவர்கள், பிள்ளைகள் அங்கே போவார்கள் என்ற உத்தரவாதமும் இல்லாதவர்கள், அங்கே ஒரு புத்தக அலமாரி இருக்க வேண்டும் என்று பணம் கொடுத்தார்கள். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியபோது தமிழ் அதன் மொழியானது.

இதே சாரங்கபாணிதான் 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கியவர். அவர் சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்தவர், சீனப் பெண்மணியை மணந்தவர். தீபாவளி இந்துக்களுக்கு, நோன்புப் பெருநாள் முஸ்லிம்களுக்கு, கிறிஸ்துமஸ் கிறிஸ்துவர்களுக்கு. தமிழர் எல்லாருக்கும் என்று ஒருநாள் வேண்டும் என்ற எண்ணத்தில் தை மாதத்தைப் பிடித்தார். கோயில் பிரிக்கும், சாதி பிரிக்கும், மொழியாவது சேர்க்கட்டும் என்ற கணக்கு அது.

ஆக, என் தோழி கெர்தாஸ் கெர்ஜாவில் எழுதிய அந்த வாக்கியம் அனுமதிக்காக அவள் கண்டுபிடித்த சாக்கு அல்ல. இந்த மண்ணில் கால் நூற்றாண்டு பத்திரிகை நடத்திய ஒருவர் முன்வைத்த கொள்கை. அதை அவள் அறியாமலே சரியாக எழுதியிருந்தாள். நாங்கள் அறியாமலே அதை மீறியிருந்தோம்.

*

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1961-இல் தொடங்குகிறது. பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த காலம். கோலாலம்பூர் வளாகம் 1962-இல் தனிப் பல்கலைக்கழகமானது. இந்திய ஆய்வியல் துறை அங்கேதான் இருந்தது. அதற்குத் தலைமையேற்க வந்தவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், சேவியர் தனிநாயகம் அடிகள்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் கரம்பொன்னில் 1913-இல் பிறந்தவர். ரோமில் இறையியல் படித்துக் குருவானவர். தமிழை ஆழமாகப் படித்தது அதற்குப் பிறகுதான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது பண்டிதர் ஒருவரிடம் கற்றார், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். சங்கப் பாடல்களில் இயற்கை என்பது அவரது ஆய்வுப் பொருள்.

தமிழுக்காகச் சுயமரியாதைக்காரர் முன்னின்று போராட, பெரும்பாலும் இந்துக்களான தொழிலாளர்கள் காசு கொடுக்க, உருவான துறைக்கு ஒரு பாதிரியார் தலைவர். முஸ்லிம் பெரும்பான்மை நாட்டின் தலைநகரில். இதில் எந்த ஒன்றையும் இன்றைய மாணவர் சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், தொண்டையைச் செருமும் ஒரு அண்ணன் நிச்சயம் இருப்பார்.

அடிகள் தன் சமயத்தை மறைத்துக்கொண்டு தமிழ் பேசியவரல்லர். தன் சமய மரபைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதை வெளி உலகுக்குத் தெரியப்படுத்தியவர் அவர். 1679-இல் அச்சான அந்தாவ் தெ புரொயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்த பிரதியைக்கொண்டு மீண்டும் பதிப்பித்தார். 1966-இல் அதை வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழகம்.

ஒரு மிஷனரியின் அகராதியை, ஒரு பாதிரியார் தேடியெடுத்து, தமிழ்த் தொழிலாளர்களின் போராட்டத்தில் பிறந்த துறை வழியாக, கோலாலம்பூரில் பதிப்பிக்கிறார். அந்த அகராதி நமக்குத் தேவையில்லை, அது சர்ச்சுக்காரங்க புத்தகம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழின் ஒரு பெரிய சாட்சி எட்டாமல் போயிருக்கும். தேம்பாவணியை எடுத்துவிட்டு, சீறாப்புராணத்தை எடுத்துவிட்டு மிச்சம் இருப்பதைத் தமிழ் இலக்கியம் என்று சொல்லலாம்தான். ஆனால் அது கை ஒடிந்த இலக்கியம்.

1964-இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்க அடிகள் முக்கிய காரணம். 1966 ஏப்ரலில் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். சென்னையில் இல்லை, மதுரையில் இல்லை, யாழ்ப்பாணத்தில்கூட இல்லை. துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தமிழக முதல்வர் பக்தவத்சலம் வந்திருந்தார். பல நாடுகளின் அறிஞர்கள் ஒரே இடத்தில் தமிழைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள்.

இதை நினைத்து நெஞ்சு நிமிர்த்துவது எளிது. நான் அங்கே நிற்க விரும்பவில்லை. ஒரு மலாய்ப் பிரதமர் தமிழ் மாநாட்டைத் தொடக்கி வைத்தது பெருந்தன்மை மட்டுமன்று. அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்கி, மற்ற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கக்கூடாது என்கிறது. 3-ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக்கி, மற்ற சமயங்களை அமைதியோடு பின்பற்றலாம் என்கிறது. அந்த ஏற்பாடு பல்கலைக்கழகத்தில் எப்படி உயிரோடு இருக்கும் என்பதற்கு அம்மாநாடு ஓர் எடுத்துக்காட்டு. யாரும் யாருக்கும் சலுகை கொடுக்கவில்லை. ஒரு துறை இருந்தது, அதற்கு ஒரு தலைவர் இருந்தார், நூலகம் இருந்தது. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

*

பிறகு காலம் மாறியது. 1969 மே 13 எல்லாவற்றையும் மாற்றியது. அதே ஆண்டில் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். 1971-இல் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. நம்மவர் வாயில் 'ஆவுக்கு'. 1975-இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. மாணவர்கள் அரசியல் பேசுவது ஆபத்தானது. ஃபஜார் மாணவர்களைச் சேர்த்து வைத்த பொதுக் கேள்விகள் வளாகத்தை விட்டு வெளியேற, மிஞ்சியது விழாக்கள்தான். ஒவ்வோர் இனமும் தன் விழாவுக்கு அனுமதிக் கடிதம் எழுதுவது வளாக வாழ்க்கையின் பெரிய வேலையாகிவிட்டது. 2012-இல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், பழக்கம் தளரவில்லை.

அனுமதி கேட்டே வாழும் சமூகத்துக்கு ஒரு நோய் வரும். வெளியே கையைக் கட்டி நிற்பவன் வீட்டுக்குள் அதிகாரம் பண்ணுவான். மேலிடம் எங்களிடம் 'இது சமய விழாவா' என்று கேட்டது. நாங்கள் அவளிடம் 'நீ நம்ம சமயமா' என்று கேட்டோம். முதல் கேள்வியில் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது கேள்வியை நான் கூட்டக் குறிப்பில் அழகான தமிழில் எழுதினேன்.

2020 ஜனவரியில் பொங்கல் சமய விழாவா, முஸ்லிம் மாணவர்கள் கலந்துகொள்ளலாமா என்ற கேள்வி பள்ளிக்கூடங்கள் வரை வந்து நாடே பேசியது. நம்மவர்கள் பலரும் முகநூலில் 'இது பண்பாட்டு விழா, எல்லாருக்கும் உரியது' என்று எழுதினார்கள். நானும் எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகு அவள் ஞாபகம் வந்தது. அந்தப் பதிவை இரவோடு இரவாக நீக்கினேன். வாக்கியம் தவறில்லை. அதைச் சொல்ல எனக்கிருந்த தகுதிதான் சந்தேகமாக இருந்தது.

பொட்டும் சூடமும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் அம்மா இன்றும் சூரியனுக்குப் படைத்துவிட்டுத்தான் எங்களுக்குப் பொங்கல் தருவார். அது அவர் வீட்டு வழக்கம், அவர் நம்பிக்கை. அதே விழாவை ஒரு வளாகத்தில் எல்லாத் தமிழர் பெயரிலும், எல்லா மாணவர் கட்டணத்திலும் நடத்தும்போது சூடம் காட்டுகிற வேலையை விருப்பமுள்ள ஒருவர் செய்யலாம், விழாத் தலைவர் வேறொருவராக இருக்கலாம். இவ்வளவு எளிமையான ஏற்பாடு அன்று பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யாரும் வாய் திறந்திருப்போமா தெரியவில்லை.

*

போன ஆண்டு அவளுக்குத் தனிநாயகம் அடிகளைப் பற்றி ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். அகராதி, மாநாடு, துறை எல்லாம் எழுதினேன். கடைசியில் அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும் என்றும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல் பதிவு வந்தது.

“ஃபாதர் பத்தி எனக்கு முன்னயே தெரியும்லா. எங்க தாத்தா சொல்வாரு. எங்க சர்ச்லகூட வருசா வருசம் பொங்கல் வைக்கிறோம், எங்கம்மாதான் பானையில அரிசி போடுவாங்க. அன்னைக்கு யாராச்சும் என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

கொஞ்ச நேரம் பின்னணியில் வாகனச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சரி, நீ அந்த மினிட்ஸ் வச்சிருக்கியா?” என்று சிரித்தாள்.

வைத்திருக்கிறேன். பழைய மடிக்கணினியில் ஒரு கோப்புறைக்குள் இருக்கிறது. திறந்து பார்த்தேன். வந்திருந்தோர் பட்டியலில் ஏழாவது பெயர் அவளுடையது. அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கம். யார் யார் என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறேன். அவளுடைய பெயர் இரண்டாம் முறை எங்கும் வரவில்லை.